நீத்துப்பெட்டியில் உறைந்த டோஃபு

எங்கள் வீட்டில் விரதம் என்றால் சோயா மீற். வெள்ளிக்கிழமை, நவராத்திரி, கந்தசஷ்டி ஆறு நாள், வற்றாப்பளைப் பொங்கல் என்று எது வந்தாலும் கடையில் ஒரு பக்கற் வாங்கி, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாகப் பிழிந்து, தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பிரட்டி இறக்கினால் பிள்ளைகள் இறைச்சிக் கறி என்று நினைத்தே சாப்பிடுவார்கள். மாமியும் அப்படி நினைத்துத்தான் சாப்பிடுவார், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன், சஷ்டி மூன்றாம் நாள், சின்னவனுக்கு உதடு தடித்துவிட்டது. அதற்கு முன்னும் ஒன்றிரண்டு தடவை உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்ததுதான். வெக்கை என்று நினைத்து வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினோம். இந்த முறை கண் இமையும் வீங்கியதும் பயந்துபோய் மழையோடு மழையாக ஓட்டோ பிடித்து ஓடினோம். பிறகு சோதனை எல்லாம் செய்து டொக்டர் சொன்னது இதுதான்: சோயா ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பு, பயறு, கடலை சாப்பிடட்டும், பிரச்சினையில்லை.

எனக்கு அது புதினமாக இருந்தது. சோயாவும் பயறும் ஒரே குடும்பத்துச் செடிகள்தானே? ஒரே குடும்பம்தான். ஆனாலும் சோயா ஒத்துக்கொள்ளாத பெரும்பாலானவர்களுக்கு மற்றப் பருப்பு வகைகள் ஒன்றும் செய்வதில்லையாம். கச்சானை, அதாவது நிலக்கடலையை, மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னார், அது தன்பாட்டிலேயே ஒரு வில்லங்கம் பிடித்த சாமான். (உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருந்தால் என் கதையை நம்பி எதையும் ஊட்டாதீர்கள், டொக்டரைக் கேளுங்கள்.)

அதற்குப் பிறகுதான் சோயா எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. கொத்துரொட்டிக்கு ஊற்றுகிற சோஸ், திரிபோஷா சத்துமா, பிஸ்கட் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் 'லெசித்தின் 322'. கடைக்குப் போனால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற ஆளாகிவிட்டேன். கடைக்காரப் பெடியன் நான் உள்ளே வந்தாலே சிரிப்பான்.

விரதத்துக்கு என்ன செய்வது என்று புலம்பியபோது ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் ஒரு படம் அனுப்பினாள். செம்மஞ்சள் நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய ஏதோ ஒன்று. கூடவே குரல் பதிவு: "மைசூர் பருப்பில டோஃபு செய்யலாமடி. சோயா ஒரு துளியும் இல்லை. செய்து பார்." டோஃபு என்றால் வழக்கமாகச் சோயாப் பாலில் செய்கிற, பனீர் மாதிரி ஒரு கட்டி.

மைசூர் பருப்பு. பெயர் மைசூர், ஆனால் நாங்கள் சாப்பிடுகிற பருப்பில் பெரும்பங்கு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் வருவது. கனடாவில் விளைந்த பருப்பை முல்லைத்தீவில் வைத்திருக்கிற எனக்கு, கனடாவில் இருந்துகொண்டு அவள் சமையல் சொல்லித் தருகிறாள். சோயாவோ பக்கத்து அனுராதபுர மாவட்டத்திலேயே விளைகிறது. உலகம் அப்படித்தான் சுற்றுகிறது, விடுங்கள்.

மாமிக்குப் பருப்பு பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, போதும் என்று ஆகிவிட்டது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த மாதங்களில் நிவாரணம் என்று வந்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. கூடாரத்துக்கு வெளியே மூன்று கல்லு வைத்து அதே பருப்பைத் தண்ணீராகக் காய்ச்சிக் காய்ச்சி, ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வருடம் வீட்டில் பருப்பு வேகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இப்போதும் சோற்றில் பருப்புக்கறி விட்டால் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். அவர் இருக்கிற வீட்டில் பருப்பு டோஃபு என்றால் யோசித்துத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

சரி, செய்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு பேணி பருப்பை நாலு மணித்தியாலம் ஊறவிட்டு, கழுவி வடித்து, ஒன்றே முக்கால் பேணி தண்ணீரோடு கிறைண்டரில் வழுவழுப்பாக அடித்துக்கொள்ள வேண்டும். விரலிடையில் தேய்த்தால் குறுணி தட்டுப்படக் கூடாது. உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். அடி தடித்த சட்டியில் ஊற்றி, நடுத்தர நெருப்பில் அகப்பையால் கைவிடாமல் துழாவ வேண்டும். முதல் மூன்று நாலு நிமிடம் ஒன்றும் நடக்காது. அதுதான் ஏமாற்றுகிற நேரம். போன் அடித்தது என்று ஒரு நிமிடம் திரும்பினீர்களோ, அடியில் கட்டி விழும். பிறகு திடீரென்று அகப்பை கனக்கத் தொடங்கும். பசைபோல ஆகி, 'புளக் புளக்' என்று கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும். அதற்குப் பிறகும் ஐந்தாறு நிமிடம் விடாமல் கிண்ட வேண்டும், பச்சை வாசம் போகும்வரை. சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்போது எண்ணெய் பூசிய ஐஸ்கிறீம் பெட்டியில் கொட்டி, நனைத்த கரண்டியால் மேலே தடவி விட்டால் முடிந்தது.

நான் செய்த அன்று மழை. கரண்ட் போய், காஸும் முடிகிற தறுவாயில் இருந்தது. 2022 இல் காஸ் இல்லாமல் அல்லாடிய காலத்தில் கொட்டிலில் கட்டிய விறகடுப்பு இன்னும் இருக்கிறது, அங்கே போனேன். பாலை விறகு பிடித்துக்கொண்டால் அதன் நெருப்பை அடக்குவது லேசில்லை. முதல் சட்டி அடிப்பிடித்துக் கருகிவிட்டது. கொள்ளிகளை இழுத்து, தணலில் மட்டும் வைத்து இரண்டாவது தரம் கிண்டும்போது மாமி வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்ன பிள்ளை கிண்டுறாய்?"

"டோஃபு மாமி."

கொஞ்ச நேரம் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊரில இதுக்குக் களி எண்டு பேர்."

அவர் சொன்னது சரி. அதை நான் ஒத்துக்கொள்ளவும், ஏன் சரி என்று விளங்கிக்கொள்ளவும் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பெரிய பிள்ளையான பெட்டைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உழுத்தம்மாவில் களி கிண்டிக் கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு, இதை ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைத்திருக்கிறேன்.

சோயாவில் டோஃபு செய்கிற வழி முற்றிலும் வேறு. ஊறவைத்து அரைத்து, சக்கையைப் பிழிந்தெடுத்து, பாலைக் காய்ச்சி, அதற்குள் ஒரு உப்பைப் போட்டுத் திரைய வைக்கிறார்கள். பால் திரைந்து பனீராவது போலத்தான். சீனாவில் ஜிப்சம் போடுவார்கள். ஜப்பானில் நிகாரி என்று, கடல்நீரில் உப்பு விளைந்தபின் மிஞ்சுகிற கைப்புத் தண்ணீரைப் போடுவார்கள். எங்கள் ஆனையிறவு உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் நிற்கிற தண்ணீரும் அதே சாதிதான். சோயா இப்படித் திரைவதற்குக் காரணம் அதன் உடம்பு. காய்ந்த விதையில் நூற்றுக்கு 36 பங்கு அளவில் புரதம், 20 பங்கு அளவில் எண்ணெய், மாச்சத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

எங்கள் பருப்பும் பயறும் கடலையும் அப்படியில்லை. புரதம் 20 முதல் 25 பங்கு. மாச்சத்தோ கிட்டத்தட்டப் பாதி. அதைக் காய்ச்சினால் புரதம் திரைவதற்கு முன்னமே மாச்சத்துத் தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கஞ்சியாகிவிடும். எவ்வளவு தேசிக்காய் பிழிந்தாலும் கட்டி பிரியாது. ஆனால் அதே மாச்சத்து ஆறும்போது இறுகும். முதல்நாள் சோறு மறுநாள் காலையில் விறைத்திருப்பது போல. பருப்பு வகைகளின் மாச்சத்துக்கு இந்த இறுகுகிற குணம் கூட. அதனால்தான் ஒரு மணித்தியாலம் வெளியில் வைத்தாலே, பிரிட்ஜ் இல்லாமலே, கத்தியால் வெட்டக்கூடிய கட்டியாகிறது. ஆக மச்சாள் சொன்ன டோஃபு திரைந்த டோஃபு அல்ல, உறைந்த களி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதனோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டேன்.

இதில் ஏமாற்றும் ஒன்றுமில்லை. மியன்மாரின் ஷான் மக்கள் கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள் போட்டு இப்படியே கிண்டி உறையவைத்து அதைத்தான் தோஹு என்கிறார்கள். உறையவிடாமல் சூடாகவே நூடில்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுகிற வகையும் அவர்களிடம் உண்டு. இத்தாலியின் சிசிலியிலும் கடலை மாக் களியை உறையவைத்து வெட்டிப் பொரிக்கிறார்கள். நானும் கடலை மாவில் செய்தேன். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். பருப்பைவிட வழுவழுப்பு, பொரித்தால் மேலே மொறுமொறுப்பும் கூட. ஊறப்போடுகிற வேலையும் இல்லை. அவசரத்துக்கு இதுதான் நல்லது.

உழுந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வவுனியா உழுந்தென்றால் தனி மதிப்பு. 2020 இல் இறக்குமதியை நிறுத்தியபோது கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி, தோசை என்பது பணக்காரச் சாப்பாடாகிவிட்டிருந்தது. இப்படிப்பட்ட உழுந்தை ஒரு சுண்டு எடுத்து நான் வீணாக்கினேன். அரைத்துத் துணியில் வடிக்கப் பார்த்தால், கொழகொழவென்று துணியின் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்கவில்லை. வடையைப் பஞ்சாக்குகிற அந்தப் பிசின் குணம் இங்கே எமன். கடைசியில் அந்த மாவில் வடையே சுட்டோம். வடை நன்றாக இருந்தது.

கௌபியும் கொள்ளும் செய்யலாம். நிறம் சேற்றுத் தண்ணீர் மாதிரி வரும். ருசி பிழையில்லை, ஆனால் சின்னவன் கையாலும் தொடவில்லை. சிவப்பு ராஜ்மாவில் இந்த வேலை வேண்டாம். அதை ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு அவிக்காவிட்டால் வயிற்றைப் பிரட்டுகிற நஞ்சு அதற்குள் இருக்கிறது. களி கிண்டுகிற பத்து நிமிடச் சூட்டை அதற்கு நம்ப முடியாது.

ஆனால் என் மனம் ஆறவில்லை. களியென்று மாமி சொன்ன சொல் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மாச்சத்துத்தான் தடை என்றால் மாச்சத்தை எடுத்துவிட்டால் என்ன? மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்த தண்ணீரை வைத்துவிட்டால் அடியில் வெள்ளையாக மா படியுமே, அதேபோலப் பயற்றிலும் படியத்தானே வேணும்?

தமையன் ஒட்டுசுட்டானில் நெல்லு வெட்டின வயலில் பயறு போட்டிருந்தார். அதில் ஒரு பை வீட்டில் கிடந்தது. அரைக் கிலோ எடுத்து, உடைத்து, இரவு ஊறப்போட்டு, காலையில் கோது போகப் பிசைந்து கழுவினேன். இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டு அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்துப் பிழிந்தேன். பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பால். அதை ஒரு அகலமில்லாத உயரப் பாத்திரத்தில் ஊற்றி அசைக்காமல் வைக்க வேண்டும். எங்கள் வெக்கையில் வெளியில் வைத்தால் புளித்துவிடும், அதனால் பெரியபெட்டிக்குள் வைத்தேன். பெரியபெட்டி என்றால் பிரிட்ஜ்தான், மாமி வைத்த பெயர், இப்போது வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயர்.

முதல் தடவை ஒரு மணித்தியாலத்தில் பொறுமை போய்விட்டது. எடுத்துக் காய்ச்சினேன், கஞ்சியாகிவிட்டது. இரண்டாவது தடவை நாலரை மணித்தியாலம் விட்டேன். மேலே இருந்த பாலைக் கையை ஆட்டாமல் இன்னொரு சட்டிக்குச் சரித்து ஊற்றி முடித்தால், அடியில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளை மா, விரலால் அழுத்தினால் கல்லு மாதிரி. விரலை எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஓடும். சின்னவனும் நானும் அதை அழுத்தி அழுத்தி விளையாடியதில் அரை மணித்தியாலம் போனது.

அப்புறம் பாலைக் காய்ச்சினேன். கொதிக்கத் தொடங்கியதும் நுரையை வழித்து எறிந்து, பத்து நிமிடம் துழாவி, இறக்கி வைத்து, இரண்டு தேசிக்காயின் புளியைத் தண்ணீர் கலந்து மூன்று தடவையாக ஊற்றினேன். அகப்பையை ஒரே ஒரு சுற்று. மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் பிரிந்திருந்தது! மேலே தெளிந்த மஞ்சள் தண்ணீர், கீழே ரவை மாதிரிப் பொடிப்பொடியான கட்டி. சோயாவில் வருகிற பெரிய திரை இல்லை. ஆனாலும் திரை திரைதான்.

அதை அழுத்தி வைக்க ஓட்டையுள்ள பெட்டி வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றுதான்: மாமியின் நீத்துப்பெட்டி. பனையோலையில் இழைத்த, பிட்டு அவிக்கிற, கூம்பு வடிவப் பெட்டி. அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்து, உள்ளே துணி விரித்து, திரையை வார்த்து, துணியை மடித்து, மேலே அம்மிக்குழவியைச் சாய்த்து வைத்தேன். ஓலை இடுக்குகளால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. இரண்டு மணித்தியாலத்தில் கவிழ்த்துத் தட்டினால், கோபுரக் கலசம் மாதிரி ஒரு டோஃபு. பக்கமெல்லாம் துணிக்கு மேலாலும் ஓலைப் பின்னலின் தடம். அரைக் கிலோ பயற்றுக்குக் கிடைத்தது அரைத் தேங்காய் அளவு.

மிச்ச மாவை எறியவில்லை. கொரியாவில் இந்தப் பயற்றம் மாவைத்தான் தண்ணீரில் காய்ச்சி, கண்ணாடி மாதிரி உறையவைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கிண்டினேன். டோஃபுவைவிட அதற்குத்தான் வீட்டில் அடிபாடு.

எது நல்லது என்று கேட்டால், தினப்பாட்டுக்குப் பருப்புக் களிதான், யோசிக்கவே வேண்டாம். பேணிப் பருப்பில் அரைக் கிலோவுக்கு மேல் கிடைக்கும். நூறு கிராமில் எட்டு ஒன்பது கிராம் புரதம் நிற்கும். கடையில் வாங்குகிற கட்டி டோஃபுவைவிடக் குறைவு, மென் டோஃபுவைவிடக் கொஞ்சம் கூட. பயற்றுத் திரை ஒருநாள் வேலை, ஒருவேளைச் சாப்பாடு. தேசிக்காய் மணமும் இலேசான கைப்பும் இருக்கும். அதை நான் வருடத்தில் ஒரு தரம் செய்வேன், கெத்துக்கு.

சமைக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பருப்பு டோஃபுவைப் பச்சையாகக் குழம்புக்குள் போட்டுக் கொதிக்கவிட்டால் கரைந்து மறுபடி பருப்புக்கறியாகிவிடும், மாமி ஒதுக்கிவிடுவார். உறைந்ததை வெட்டி, ஒரு மணித்தியாலம் காற்றுப்பட வைத்து, தாச்சியில் எண்ணெய் காய்ந்தபின் நாலு பக்கமும் சிவக்கப் பொரித்தெடுக்க வேண்டும். வெங்காயம், பச்சைமிளகாய், ரம்பை, கறிவேப்பிலை வதக்கி, தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு திரண்டபின் கடைசியில் துண்டுகளைப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்க வேண்டும். சோயா மீற் மாதிரி நார் நாராகக் கடிபடாது. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மெசினால் பிதுக்கி எடுப்பது அந்த நார், வீட்டுச் சட்டியில் வராது. இது உள்ளே மெத்தென்று, மேலே தோல்விட்ட மாதிரி இருக்கும். முட்டைக்கறிக்குப் பொரித்துப் போடுகிற முட்டையைப் போல என்று பெரியவள் சொன்னாள். பெரியபெட்டியில் மூன்று நாள் நிற்கும். தண்ணீர் கசியும், ஊற்றிவிட்டுப் பொரிக்கலாம்.

போன சஷ்டிக்கு முதல் நாளே செய்தேன். மாமி ஒருநேரச் சாப்பாட்டுக்கு இருந்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து, மணந்து பார்த்து, வாயில் போட்டார். இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவதையும்.

"இதில பருப்பா போட்டிருக்கிறாய்?"

"ஓம் மாமி."

ஒன்றும் சொல்லவில்லை. தட்டின் ஓரத்தில் எதையும் ஒதுக்கவுமில்லை. கை கழுவப் போகும்போது திரும்பி, "அது கிடக்கட்டும். என்ர நீத்துப்பெட்டி எங்க? அண்டைக்கு அவிச்ச பிட்டில தேசிக்காய் மணந்தது, நான் ஒண்டும் சொல்லேல்ல" என்றார்.